மகசூலும் தாசிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்: அரபி கற்கத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்லமைப்பு வழிகாட்டி

அறுவடை முடிந்ததும் மகசூல் எவ்வளவு என்று கேட்கிறோம். வருமானச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகத்துக்கு அலைகிறோம். மகசூல், தாசில் என்ற இந்த இரண்டு சொற்களும் அரபியில் உடன்பிறந்தவை. ஹ, ஸ, ல என்ற மூன்று மெய்கள் அந்த வரிசையில் வந்தால் அரபியில் 'கிடைத்தல், பெறுதல்' என்ற கருத்து பிறக்கும். மஹ்ஸூல் என்றால் பெறப்பட்டது, அதாவது விளைச்சல். தஹ்ஸீல் என்றால் பெறும் செயல், வரி தண்டுதல். பாரசீகம், உருது வழியாக வருவாய்த் துறைக்குள் நுழைந்து நம் ஊர்ப் பேச்சில் கலந்துவிட்டன.

இன்னொரு ஜோடியைப் பாருங்கள். சட்டம் அமலுக்கு வருகிறது. கடைக்காரரிடம் யாரோ மாமூல் கேட்கிறார்கள். அமல் என்றால் செயல். மஃமூல் என்றால் செய்யப்படுவது, அதிலிருந்து வழக்கமானது. இரண்டுக்கும் வேர் அய்ன், மீம், லாம் என்ற மூன்று எழுத்துகள்.

இப்போது மகசூலையும் மாமூலையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். முன்னால் 'ம', கடைசி எழுத்துக்கு முன் நீண்ட ஊகாரம். வேர் வேறு, வார்ப்பு ஒன்று. அந்த வார்ப்புக்கு 'செய்யப்பட்டது' என்று பொருள்.

ஆக அரபிச் சொல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொந்தம். வேர் வழியாக ஒரு குடும்பம், வார்ப்பு வழியாக இன்னொரு குடும்பம். வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் முதல் ஒரு வருடம் இதைத் தெரிந்துகொள்ளாமலே சொற்களை மனப்பாடம் செய்தேன். கிதாப் என்றால் புத்தகம் என்று ஒரு வரி, குதுப் என்றால் புத்தகங்கள் என்று வேறொரு பக்கத்தில் ஒரு வரி. நோட்டு நிரம்பியது, நாக்கில் எதுவும் நிற்கவில்லை. இப்போது மாலை வகுப்புக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இந்த அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குச் சொல்லும் வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன்.

முதலில் எழுத்து, அதுவும் அரபி எழுத்து

இந்தக் கட்டுரையில் வசதிக்காக அரபிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள். கல்ப் என்றால் இதயம். கல்ப் என்றால் நாய். தமிழில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. அரபியில் முதலாவது அடித்தொண்டையில் பிறக்கும் ககரம், இரண்டாவது நம்முடைய சாதாரணக் ககரம். இரண்டும் வேறு எழுத்து, வேறு வேர். இப்படித் தகரம் இரண்டு, ஸகரம் இரண்டு, ஹகரம் இரண்டு என்று தமிழ் எழுத்து மறைத்துவிடும் ஜோடிகள் பல.

வேரைப் பிடித்துத்தான் இந்த மொழியைக் கற்கப் போகிறோம். வேரிலேயே எழுத்து மாறிப்போனால் தவறான குடும்பத்தில் போய் உட்கார்ந்துவிடுவோம். அரபி எழுத்துகள் 28. தினமும் ஒரு மணி நேரம் கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் கைக்கு வந்துவிடும். அந்த வாரங்களை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருப்பதை எடுத்து வையுங்கள்

புதுச் சொல் தேடுவதற்கு முன், தமிழில் கிடக்கும் அரபிச் சொற்களை வேர்வாரியாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும்.

இலாகா, தாலுகா. இரண்டிலும் அய்ன், லாம், அடித்தொண்டைக் காஃப். தொங்குதல், சேர்ந்திருத்தல், தொடர்பு என்ற கருத்து. முகாம் என்பதையும் வளைகுடாவில் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கும் இகாமாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நிற்றல், தங்குதல் என்ற ஒரே வேர். ஒன்று தங்கும் இடம், மற்றது தங்குதல். அதனால்தான் தங்குவதற்கான அனுமதி அட்டைக்கு அந்தப் பெயர்.

வார்ப்புவாரியாகவும் பிரியுங்கள். வாரிசு, ஆஜர், பாக்கி, ஜாமீன், மாஜி என்ற ஐந்தும் அரபியில் ஒரே வார்ப்பு: முதல் எழுத்துக்குப் பின் நீண்ட ஆகாரம், இரண்டாவது எழுத்துக்குப் பின் இகரம். வாரிஸ், ஹாளிர், பாகீ, ளாமின், மாளீ. அந்த வார்ப்பின் பொருள் 'செய்பவர்' அல்லது 'அந்த நிலையில் இருப்பது'. வாரிஸ் என்பவர் மரபுரிமை பெறுபவர், பாகீ என்பது மீந்து நிற்பது, மாளீ என்பது கடந்துபோனது. மாஜி அமைச்சர் என்கிறோமே, அரபி இலக்கணத்தில் இறந்தகாலத்துக்கும் அதே பெயர்தான், மாளீ. ஹாளிர் என்பதை வளைகுடாவில் தினமும் கேட்பீர்கள். "ஒரு டீ கொண்டு வா" என்றால் "ஹாளிர்" என்பார்கள்: இதோ, தயார்.

ஆஜர், ஜாமீன், மாஜி மூன்றிலும் நாம் ஜகரமாகச் சொல்வது உண்மையில் ளாத் என்ற ஒரே அரபி எழுத்து. பாரசீகத்தின் வாய் வழியாக வந்ததால் நமக்கு ஜகரமாயிற்று. தமிழ் முஸ்லிம்கள் நேரே அரபியிலிருந்து எடுத்த ரமளான் என்ற சொல்லில் அதே எழுத்தை ளகரமாக எழுதுகிறார்கள். ஓர் எழுத்து இரண்டு பாதையில் நம் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. பயணத்தில் பொருள் நகர்ந்திருக்கும். தக்ரார் என்றால் அரபியில் திரும்பச் செய்தல். நமக்கு அது தகராறு. வுஸூல் என்றால் வந்து சேர்தல். விமான நிலையத்தில் வருகைப் பகுதிக்கு மேலே அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு யாரோ பணம் வசூலிக்கும் இடம் என்று ஒதுங்கிப் போக வேண்டாம். வேரையும் வார்ப்பையும் நினைவில் நிறுத்தத்தான் இந்தச் சொற்கள் உதவும். அவற்றின் தமிழ்ப் பொருளை அப்படியே கொண்டுபோய்ப் பேச்சில் போட்டுவிடாதீர்கள்.

ஐந்து வார்ப்புகளோடு தெருவுக்குப் போங்கள்

வார்ப்பை அரபியில் வஸ்ன் என்பார்கள், எடை என்று பொருள். அதைக் காட்ட ஃப, அய்ன், ல என்ற மூன்று எழுத்துகளை மாதிரியாக வைப்பார்கள். 'செய்தல்' என்பதற்கான வேர் அது. நம் யாப்பில் தேமா, புளிமா என்று வாய்பாடு வைத்துச் சீரை அளக்கிறோமே, அது போன்ற வாய்பாடுதான். ஃபாஇல், மஃப்ஊல் என்று சொன்னால் அரபி படித்தவர்களுக்குச் சொல்லின் வடிவம் கண்முன் வந்துவிடும். மதரசாக்களில் ஸர்ஃப் என்ற சொல்லமைப்புப் பாடம் தொடங்கும் பிள்ளைகள் "ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ" என்று 14 வடிவங்களை ராகம் போட்டுச் சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். அதே மாதிரி எழுத்துகள்.

வார்ப்புகள் நிறைய உண்டு. தொடக்கத்தில் ஐந்து போதும் என்பது என் அனுபவம். செய்பவர் (வாரிஸ் போல), செய்யப்பட்டது (மஹ்ஸூல் போல), இடம், தொழில் அல்லது கருவி, செயலின் பெயர் (தஹ்ஸீல் போல). முதல் இரண்டையும் மேலே பார்த்துவிட்டோம். ஐந்தாவது கொஞ்சம் பின்னால் வரும்.

இடத்தைக் காட்டும் வார்ப்பு கடைத்தெருப் பலகைகளிலேயே கொட்டிக் கிடக்கிறது. மக்தப், எழுதும் இடம், அலுவலகம். மத்அம், உண்ணும் இடம், உணவகம். மத்பக், சமைக்கும் இடம். மத்கல், நுழையும் இடம். மக்ரஜ், வெளியேறும் இடம். மஸ்ஜித், சிரம் பணியும் இடம். மவ்கிஃப், நிற்கும் இடம், வண்டி நிறுத்தம். முன்னால் ஒரு 'ம', நடுவில் வேர். பின்னால் ஆகாரம் சேர்ந்தும் வரும்: மக்தபா நூலகம், மத்ரஸா பள்ளி, மக்ஸலா துணி வெளுக்கும் கடை.

மக்ரஜ் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நெடுஞ்சாலையில் பிரியும் வழிக்கு அதுதான் பெயர். குர்ஆன் ஓதக் கற்றவர்களுக்கு அதே சொல் வேறு இடத்தில் பழக்கம்: ஓர் எழுத்து வாயிலிருந்து வெளிப்படும் இடம். சவூதியில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் குரூஜும் (வெளியேறும் அனுமதி) அதே வேர். வெளிநாட்டு விவகாரத்தைக் குறிக்கும் காரிஜிய்யாவும் அதே வேர். ஒரே வேர் சாலையிலும் பள்ளிவாசலிலும் பாஸ்போர்ட்டிலும் நிற்கிறது.

தொழில் வார்ப்பில் நடு எழுத்து இரட்டிக்கும், பின்னால் ஆகாரம் நீளும். கய்யாத் தையல்காரர், நஜ்ஜார் தச்சர், ஹத்தாத் கொல்லர், ஹல்லாக் முடிதிருத்துபவர், கப்பாஸ் ரொட்டி சுடுபவர். திரும்பத் திரும்பச் செய்வதே அவர்கள் வாழ்க்கை என்பதை அந்த இரட்டிப்பு காட்டுகிறது. ஈற்றில் ஆகாரம் சேர்த்தால் இயந்திரம்: கஸ்ஸாலா துணி துவைக்கும் இயந்திரம், தல்லாஜா குளிர்சாதனப் பெட்டி, ஸய்யாரா கார்.

பயிற்சி இதுதான். சமைத்தல் என்பதற்கான வேரை (த, ப, க) எடுத்து வார்ப்புகளில் ஊற்றுங்கள். தப்பாக் சமையல்காரர், மத்பக் சமையலறை, மத்பூக் சமைக்கப்பட்டது. அடுத்து கழுவுதல்: குஸ்ல் என்ற குளிப்பு, மக்ஸலா, கஸ்ஸாலா, மக்ஸூல் என்றால் கழுவப்பட்டது. இனி நீங்கள் செய்ய வேண்டியது, தெருவில் ஒரு 'ம' வைத்த பலகையைப் பார்த்தால் நின்று மூன்று எழுத்தைப் பிரித்தெடுப்பது. கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு இரவில் உட்கார்ந்து பிரிக்கலாம்.

நீளமான சொல்லை உரிப்பது

புதியவர்களை அதிகம் பயமுறுத்துவது ஒட்டுகள். உண்மையில் தமிழர்களுக்கு இது எளிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒட்டுவதில் நாம் கைதேர்ந்தவர்கள். திசைதான் மாறுகிறது.

'அவர்கள் அலுவலகங்களுக்கும்' என்பதை அரபியில் ஒரே சொல்லாக எழுதலாம்: வலிமகாதிபிஹிம். பிரித்தால் 'வ' என்பது உம், 'லி' என்பது கு, 'மகாதிப்' அலுவலகங்கள், 'ஹிம்' அவர்கள். தமிழ்த் தொடரைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்துப் பாருங்கள்: உம், கு, அலுவலகங்கள், அவர்கள். கண்ணாடியில் பார்த்தது போல அரபி வரிசை அப்படியே வந்துவிடுகிறது. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும் முகங்கள் மாறுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

உரிக்கும் முறை இது. முதலில் முன்னால் ஒட்டும் தனிச் சொற்களைக் கழற்றுங்கள்: வ, ஃப, பி, லி, க, அல். பிறகு பின்னால் ஒட்டும் பெயர்களை: ஹு, ஹா, ஹும், க, கும், நா போன்றவை. மிஞ்சியதில் வார்ப்புக்காகச் சேர்த்த எழுத்துகளைக் கழற்றுங்கள். வேரோடு கூடுதலாகச் சேரக்கூடிய எழுத்துகள் மொத்தம் 10தான். அவற்றை நினைவில் வைக்க அரபி இலக்கணக்காரர்கள் ஒரே சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள்: ஸஅல்துமூனீஹா. 'நீங்கள் அதை என்னிடம் கேட்டீர்கள்' என்று பொருள். ஸீன், ஹம்ஸா, லாம், தா, மீம், வாவ், நூன், யா, ஹா, அலிஃப். இந்தப் பத்துக்கு வெளியே உள்ள எழுத்து ஒட்டுகளைக் கழற்றிய பிறகும் நின்றால், அது பெரும்பாலும் வேர் எழுத்துதான்.

ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இஸ்திக்பால் என்று எழுதியிருக்கும். அலிஃபை, ஸீனை, தாவை, நடுவில் நீண்ட அலிஃபை எடுத்துவிடுங்கள். அடித்தொண்டைக் காஃப், பா, லாம் நிற்கும். எதிர்கொள்ளுதல் என்ற வேர். எதிர்காலத்துக்கு முஸ்தக்பல் என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

உரிக்கும்போது எலும்பையும் சேர்த்து வெட்டிவிடக் கூடாது. வலத் என்றால் பிள்ளை. அதிலுள்ள 'வ' வேரைச் சேர்ந்தது, 'உம்' என்று எண்ணிக் கழற்றினால் ஒன்றும் மிஞ்சாது. ஸலாம் என்ற சொல்லின் மூன்று வேர் எழுத்துகளும் அந்தப் பத்துக்குள்ளேயே இருக்கின்றன. எனவே விதி: மூன்று மெய்க்குக் கீழே போகும் நிலை வந்தால் நிறுத்திவிடுங்கள். நான்கு எழுத்து வேர்களும் உண்டு, தர்ஜமா என்ற மொழிபெயர்ப்பு போல, முஹந்திஸ் என்ற பொறியாளர் போல. எண்ணிக்கை குறைவு.

வினை: பத்து வடிவத்தையும் ஒரே நாளில் விழுங்க வேண்டாம்

எந்தப் பாடநூலைத் திறந்தாலும் ஒரு வேரிலிருந்து பத்து வினைவடிவங்கள் என்று அட்டவணை போட்டிருக்கும். அதைப் பார்த்து ஓடிப்போனவர்கள் எத்தனையோ பேர். எந்த வேரும் பத்தையும் ஒருசேரப் பயன்படுத்துவது அரிது. நான்கில் தொடங்குங்கள்.

இரட்டிப்பு முதலில். தமிழில் ஓடு, ஓட்டு, உருகு, உருக்கு, இறங்கு, இறக்கு. வல்லெழுத்து இரட்டித்தால் தன்வினை பிறவினையாகிறது. அரபியிலும் நடு எழுத்தை இரட்டித்தால் அதேதான் நடக்கிறது. நஸல இறங்கினான், நஸ்ஸல இறக்கினான். தரஸ படித்தான், தர்ரஸ படிப்பித்தான். அலிம அறிந்தான், அல்லம அறிவித்தான், கற்பித்தான். இந்த வடிவத்தின் செயற்பெயர் அநேகமாக எப்போதும் தஃப்ஈல் வார்ப்பில் வரும்: தன்ஸீல், தத்ரீஸ், தஃலீம். நம் தாசிலும் இதே. அரபியில் வைத்த கைப்பேசியில் பதிவிறக்கங்கள் பகுதிக்குத் தன்ஸீலாத் என்று பெயர் இருக்கும், இறக்கியவை.

அதற்கு முன் ஒரு 'த' சேர்த்தால் செயல் தன் மேலேயே திரும்பும். அல்லம கற்பித்தான், தஅல்லம கற்றுக்கொண்டான். நம்முடைய 'கொள்' துணைவினை செய்யும் வேலையை இந்தத் 'த' செய்கிறது.

முன்னால் 'இன்' வந்தால் தானாக நடந்தது. கஸர உடைத்தான், இன்கஸர உடைந்தது.

'இஸ்த' வந்தால் பெரும்பாலும் வேண்டுதல், நாடுதல். கஃபர மன்னித்தான், இஸ்தக்ஃபர மன்னிப்புத் தேடினான். மருத்துவமனைக்கு முஸ்தஷ்ஃபா. ஷிஃபா என்றால் குணம். குணம் நாடிப் போகும் இடம்.

மிச்சமுள்ள வடிவங்களைப் படிக்கும்போது சந்தித்தால் அப்போது குறித்துக்கொள்ளலாம். ஆனால் 'மு' என்று தொடங்கும் சொற்களுக்கு ஒரு சாவியை இப்போதே தருகிறேன். கடைசி எழுத்துக்கு முந்திய உயிர் இகரமானால் செய்பவர், அகரமானால் செய்யப்பட்டது. முஸ்தக்திம் பயன்படுத்துபவர், முஸ்தக்தம் பயன்படுத்தப்பட்டது. பழைய கார் விற்கும் இடத்தில் இரண்டாவது சொல்லைத்தான் பார்ப்பீர்கள். முஅல்லிம், முதர்ரிஸ், முஸ்லிம், நம் நீதிமன்றத்து முன்சீப் (முன்ஸிஃப், நியாயம் செய்பவர்) எல்லாம் இகரம் கொண்டவை.

ஒரு சொல்லின் உள்ளே உயிர் மாறிப் பொருள் மாறுவது தமிழனுக்கு அந்நியமா? கெடு, கேடு, படு, பாடு, சுடு, சூடு, பெறு, பேறு. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்தது இதுதான். நாம் ஓர் ஓரத்தில் வைத்திருக்கும் உத்தியை அரபி தன் வீட்டின் நடுத்தூணாக வைத்திருக்கிறது.

பன்மை: ஜோடியாக மட்டும் மனப்பாடம்

'கள்' போட்டால் முடிந்தது என்ற வசதி அரபியில் பாதிதான். முஅல்லிம் முஅல்லிமூன் என்று ஈற்றில் சேர்ப்பதும் உண்டு. பெண்பாலுக்கும் இன்னும் பலவற்றுக்கும் 'ஆத்' சேரும். மற்றவை உள்ளேயே உடைந்து வேறு வார்ப்பில் போய் விழும். உடைந்த பன்மை என்றே அதற்குப் பெயர்.

நல்ல செய்தி: நான்கு மெய் உள்ள சொற்களுக்கு ஊகிக்கலாம். மக்தப் மகாதிப், மஸ்ஜித் மஸாஜித், மத்அம் மதாஇம், மத்ரஸா மதாரிஸ். கடைசியில் நெடில் இருந்தால் பன்மையிலும் நெடில்: மிஃப்தாஹ் என்ற சாவி மஃபாதீஹ் ஆகும்.

மூன்று மெய்ச் சொற்களுக்கு ஊகம் கைகொடுக்காது. கலம் அக்லாம், வலத் அவ்லாத் ஒரு வழி; பைத் புயூத், தர்ஸ் துரூஸ் ஒரு வழி; கிதாப் குதுப் ஒரு வழி; ரஜுல் ரிஜால் ஒரு வழி. ஆகவே எந்தப் பெயர்ச்சொல்லையும் ஒருமை மட்டும் எழுதாதீர்கள். "பைத் புயூத்" என்று ஒரே மூச்சில், இரண்டும் சேர்ந்து ஒரே சொல் என்பது போலச் சொல்லிப் பழகுங்கள். இந்த வார்ப்புகளின் உயிர் எவ்வளவு என்றால், வெளியிலிருந்து வந்த சொற்களையும் விடுவதில்லை. ஃபில்ம் என்பதன் பன்மை அஃப்லாம். பன்க் என்ற வங்கியின் பன்மை புனூக்.

இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. அரபியில் அறிவுள்ள உயிர், அறிவற்றது என்று பிரித்து, அறிவற்றவற்றின் பன்மையைப் பெண்பால் ஒருமையாக நடத்துவார்கள். 'புதிய புத்தகங்கள்' என்பதற்கு குதுப் ஜதீதா, அதாவது ஒருமை அடைமொழி. ஆங்கிலம் வழியாக அரபி படிப்பவர்கள் இதில் தடுமாறித் தடுமாறித்தான் கரையேறுகிறார்கள். நமக்கு உயர்திணை, அஃறிணை தாய்ப்பாலோடு வந்தது. "பசங்க வந்தாங்க" என்கிறோம், "பஸ்ஸெல்லாம் வந்துச்சு" என்கிறோம். அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை. அதே உள்ளுணர்வை அரபியிலும் நம்புங்கள்.

ஒளிந்துகொள்ளும் எழுத்துகள்

வேரில் வாவ் அல்லது யா இருந்தால் அது சில வடிவங்களில் மறையும். கால என்றால் சொன்னான். வேரின் நடு எழுத்து எங்கே? யகூலு என்ற நிகழ்காலத்தில் ஊகாரமாக எட்டிப் பார்க்கும், கவ்ல் என்ற பெயரில் வாவாகவே நிற்கும். பாஅ விற்றான், யபீஉ விற்கிறான், பைஉ விற்பனை. இங்கே ஒளிந்திருந்தது யா. தராசுக்கு மீஸான் என்று பெயர், வேரில் இருப்பது வாவ், வஸ்ன் என்ற எடை. இத்தகைய வினைகளை எழுதும்போது இறந்தகாலம், நிகழ்காலம், செயற்பெயர் மூன்றையும் சேர்த்து எழுதிவிட்டால் ஒளிந்த எழுத்து ஏதாவது ஒன்றில் அகப்பட்டுவிடும். முதல் ஆறு மாதத்துக்கு இது போதும்.

உயிர்க்குறி இல்லாமல் படிப்பது

குர்ஆனிலும் குழந்தைப் பாடநூல்களிலும் குறில் உயிர்களுக்குக் குறி இருக்கும். செய்தித்தாளில் இருக்காது. காஃப், தா, பா என்று மூன்று எழுத்து மட்டும் நின்றால் அது கதப (எழுதினான்), குதிப (எழுதப்பட்டது), குதுப் (புத்தகங்கள்) எதுவாகவும் இருக்கலாம். நம் முன்னோரும் ஓலையில் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள். எகரமா ஏகாரமா, மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவர் இடம் பார்த்து முடிவு செய்தார். மொழி தெரிந்தவருக்கு அது சுமை அல்ல.

செய்ய வேண்டியது: ஒரு பத்தியைக் குறிகளோடு ஐந்து முறை சத்தமாகப் படியுங்கள். மறுநாள் குறி இல்லாத அதே பத்தி. வார்ப்புகள் காதில் பதிந்திருந்தால் கண் தானே உயிரை நிரப்பும்.

அகராதியோடு பழகுதல்

கைப்பேசி அகராதியில் சொல்லை அப்படியே தட்டினால் பொருள் வரும். அவசரத்துக்கு அது சரி. ஆனால் குடும்பத்தோடு பார்க்க வேர்வரிசை அகராதி வேண்டும். ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்ற ஜெர்மானிய அறிஞரின் அரபி அகராதி 1952இல் ஜெர்மனிலும் 1961இல் ஆங்கிலத்திலும் வந்தது. இன்றும் மாணவர்கள் கையில் இருப்பது அதுதான். முஸ்தஷ்ஃபா அதில் மீம் பகுதியில் இருக்காது, ஷீன் பகுதியில் ஷிஃபாவோடு இருக்கும். வினைவடிவங்களுக்கு ரோமன் எண் போட்டிருப்பார்கள். ஒரு சொல்லைத் தேடிப் போனால் அந்தப் பத்தி முழுவதையும் படித்துவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் கூடும்; பத்துச் சொல் வரும்.

அரபியின் முதல் பேரகராதியைத் திட்டமிட்டவர் 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்கலீல் இப்னு அஹ்மத். எழுத்துகளை அவர் தொண்டையிலிருந்து உதடு வரை பிறப்பிட வரிசையில் அடுக்கினார். தொண்டையில் பிறக்கும் அய்ன் முதலில் வந்ததால் நூலுக்கே அய்ன் என்று பெயர். மூன்று எழுத்துகளை ஆறு விதமாக மாற்றி அடுக்கலாம் அல்லவா, அந்த ஆறையும் ஒரே இடத்தில் வைத்து எவை வழக்கில் உண்டு, எவை இல்லை என்று சொன்னார். இல்ம் என்ற அறிவு, அமல் என்ற செயல், லமஅ என்ற ஒளிர்தல் மூன்றும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கற்பவர் இதிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்று: அதே மூன்று எழுத்தானாலும் வரிசை மாறினால் வேறு வேர். அறிவும் செயலும் காதில் குழம்பினால் பொருள் கவிழ்ந்துவிடும்.

வேரை எவ்வளவு நம்பலாம்

முழுக்க நம்பாதீர்கள். ஷீன், அய்ன், ரா என்ற ஒரே மூன்றில் தலைமுடியும் இருக்கிறது, கவிதையும் இருக்கிறது, உணர்வும் இருக்கிறது, பார்லியும் இருக்கிறது. கவிதைக்கும் உணர்வுக்கும் உறவு புரிகிறது. பார்லியை அதோடு முடிச்சுப் போட வலிந்து கதை கட்ட வேண்டாம். வார்ப்பும் அப்படியே. எழுதும் இடம் அலுவலகமாகவும் மேசையாகவும் ஆனது வழக்கத்தால். ஊகியுங்கள், உடனே சரிபாருங்கள். ஊகித்துச் சரிபார்த்த சொல் மறப்பதில்லை. ஊகித்ததோடு விட்ட சொல் தவறாகவே தங்கிவிடும்.

நோட்டு எப்படி இருக்க வேண்டும்

ஒரு வேருக்கு ஒரு பக்கம். மேலே மூன்று எழுத்தும் தனித்தனியாக, அரபியில். கீழே சொற்கள், ஒவ்வொன்றும் பன்மையோடு, வினையானால் நிகழ்காலத்தோடும் செயற்பெயரோடும். ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு குறிப்பு: கடைப் பலகை, தொழுகை, மேலாளர் அனுப்பிய செய்தி. தமிழில் அதே வேர்ச் சொல் இருந்தால் ஓரத்தில். பக்கத்தில் பாதி இடத்தைக் காலியாக விடுங்கள், குடும்பம் வளரும். நோட்டின் பின்பக்கத்தில் வார்ப்புக்கு ஒரு பக்கம். அங்கே வேறு வேறு வேர்களின் சொற்கள் ஒரே ஓசையில் வரிசையாக நிற்கும். அதைச் சத்தமாக வாசிக்கும்போது செய்யுள் போலவே ஒலிக்கும்.

வாரத்துக்கு மூன்று வேருக்கு மேல் வேண்டாம். முதல் வாரத்துக்கு நான் கொடுப்பவை: எழுதுதல், அறிதல், வெளியேறுதல். வெளியேறுதல் பக்கத்தில் மக்ரஜ், மகாரிஜ், குரூஜ், காரிஜ், காரிஜிய்யா என்று ஐந்து சொல் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. கரஜ என்றால் வெளியேறினான். இதில் முன்னால் ஓர் அலிஃப் சேர்த்து அக்ரஜ என்றால் வெளியேற்றினான், வெளிக்கொண்டு வந்தான். அதிலிருந்து 'மு'வும் இகரமும் வைத்துச் செய்பவரை உருவாக்கிப் பாருங்கள். திரைப்படம் பார்ப்பவர்களுக்கு மிகவும் தெரிந்த ஒரு தொழிலின் பெயர் வரும்.